அறுநூற்று முப்பத்தொன்பது தட்டு

மார்ச் 3, செவ்வாய்

நடனக் குழுவுக்கான மூன்று பாட்டில் முதலாவது, ஒன்பது நிமிடம். அக்கா ஏழு மாத வயிற்றோடு நின்று பாடிக்கொடுத்தது. தாளம் காட்டும் கிளிக் சத்தம் காதைக் குத்துகிறது என்று ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டுப் பாடினாள். விளைவு: நிமிடத்துக்கு அறுபத்தெட்டுத் தட்டில் தொடங்கி எழுபத்தைந்துக்கு ஏறுகிறது, அப்புறம் இஷ்டத்துக்கு இறங்குகிறது. "எண்ண முடியாத பாட்டுக்கு எப்படிப்பா ஆடுறது?" என்கிறார் நடன மாஸ்டர். நியாயம்தான். வெள்ளிக்கிழமை தர வேண்டும்.

கணினியில் வேகத்தை எழுபத்திரண்டில் நிறுத்தி, குரலைத் தாளக் கட்டத்துக்குள் இழுத்து வைத்துவிட்டேன். சுத்தமான வேலை.

மார்ச் 4

அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன். பாதியில் எழுந்துவிட்டாள்.

"என் பாட்டுக்கு இஸ்திரி போட்டிருக்கடா."

"மாஸ்டர் ஒரே வேகம் கேக்குறாருக்கா."

"அப்ப கடிகாரத்தையே பாட வை. என் குரலை எடுத்துடு."

எடுத்தால் பாட்டே கிடையாது. மறுபடி பதியவும் வழியில்லை. அவளுக்கு மூச்சு வாங்குகிறது, பிரசவம் வரை பாடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எண்களில் தப்பில்லை. பின்னே ஏன் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை?

மார்ச் 5

திருத்தாத பழைய குரல் பதிவைத் திறந்தேன். பாட்டு ஓட ஓட, விரலால் தட்டித் தட்டி ஒவ்வொரு தட்டுக்கும் தனி வேகம், தனி டெம்போ குறித்தேன். மொத்தம் அறுநூற்று முப்பத்தொன்பது. மதிய வெயிலில் திரைச்சீலை உப்பி அடங்கியது. கணினித் திரையில் டெம்போக் கோடும் அப்படியே, தூங்குகிறவர் நெஞ்சு மாதிரி. நான் எங்கே இருந்தேன் என்றே தெரியவில்லை.

நானூறாவது தட்டில்தான் உறைத்தது — டெம்போவோடு நகராதபடி குரலைப் பூட்டவே இல்லை! நான் டெம்போவை மாற்ற மாற்ற, குரலும் அதன் பின்னால் நீண்டு சுருங்கியிருக்கிறது. நகர்ந்த குரலைத் துரத்தி மறுபடி தட்டியிருக்கிறேன். ரெண்டு மணி நேரம்! படிச்ச முட்டாள்.

குரலைப் பூட்டினேன். முதலிலிருந்து.

ஆறாவது நிமிடத்தில் நாலே தட்டுகள் சட்டென்று ஓடுகின்றன. அக்காவுக்குப் போன் செய்தேன். "ஆறாவது நிமிஷத்துல ஏன் ஓடினே?"

"உள்ள இருக்கறது உதைச்சுதுடா," என்று சிரித்தாள். "அதையும் சரி பண்ணிட்டியா?"

"தொடலை."

"நாளைக்கு ஒத்திகைக்கு வரேன்," என்றாள்.

மார்ச் 6, காலை

டிரம், வயலின் எல்லாவற்றையும் அவள் குரலுக்குப் பின்னால் நடக்கவிட்டாயிற்று. இனி மாஸ்டர் பாடு.

மார்ச் 6, மாலை

ஒத்திகைக் கூடம். முதல் தடவை ஆளுக்கொரு பக்கம் இடித்துக்கொண்டார்கள். மாஸ்டர் என்னை முறைத்தார். இரண்டாவது தடவை எல்லார் உதடும் எண்ணிக்கொண்டிருந்தது. மூன்றாவது தடவை ஒரு உதடும் அசையவில்லை. பதினாறு பாதங்கள் தண்ணீருக்கடியில் போல மெல்ல எழுந்து, எல்லாம் ஒன்றாய் இறங்கின. தாளம் போட்டுக்கொண்டிருந்த கையை மாஸ்டர் மடியில் வைத்துக்கொண்டார். "இருக்கட்டும்ப்பா," என்றார். அவ்வளவுதான்.

படியிறங்கும்போது அக்கா சொன்னாள்: "குழந்தை பிறந்தப்புறம் மிச்ச ரெண்டு பாட்டு. இப்பவே சொல்லிட்டேன், கிளிக் கிடையாது."

பேருந்து நிறுத்தத்துக்கு நான் தனியாக நடந்தால் நாலு நிமிடம். இன்று அக்காவின் நடையில் பதினொன்று.