வலது காதில் சொன்னது

அண்ணா,

இன்றைக்கு ஓக் ட்ரீ ரோட்டில் அந்தப் பழைய ஸ்டுடியோவுக்குப் போனோம். கிரீன் கார்டு அப்ரூவ் ஆகிவிட்டது. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தப் புதுப் படம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். கதவைத் திறந்ததும் அதே வாடை. உடனடிப் படத்தின் மருந்து வாடையும், பக்கத்துக் கடையில் ஜிலேபி போடும் நெய் வாடையும். வாசலிலேயே நின்றுவிட்டேன். எங்கேயும் நிற்காத ஆள் நான், உனக்குத் தெரியும்.

குஜராத்திக்காரர் காவ்யாவை ஸ்டூலில் உட்காரவைத்து, "ரைட் இயர், பேட்டா" என்றார். அவர் சொல்லி முடிக்கும் முன்பே அவள் முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பத்து வயசு. அவள் பாட்டுக்குச் சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தாள். நான்தான் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் படம் இப்போது என் முன்னால் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது.

அவள் பிறந்தபோது எனக்கு இருபது வயசு. காலேஜை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டுக் கல்யாணம் பண்ணிக்கொண்டவள். அவளுக்கு இடது காது முழுசாக இருந்தது. வலது பக்கம் ஒரு வேர்க்கடலை அளவுக்குச் சதை, துவாரம் கிடையாது. ஈரோட்டு வீட்டுக்கு வந்த அத்தனை சொந்தக்காரிகளும் தொட்டிலைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "கிரகணத்தன்னிக்கு நீ கத்திரிக்கோல் எடுத்தியா?"

பெயர் வைத்த அன்று நீதான் தாய்மாமன். குழந்தையை மடியில் வைத்து வலது காதில் பெயரைச் சொல்ல வேண்டும். கூடத்தில் எல்லோரும் அந்தக் காதையே பார்த்தார்கள். கடைசியில் பெரியம்மாதான் வாயைத் திறந்தாள். "அந்தக் காதுதான் அப்படி இருக்குதே சாமி, இடது காதுல சொல்லிரு. ஒண்ணும் தப்பில்ல."

நீ குனிந்து, அந்த வேர்க்கடலைமேல் வாயை வைத்து மூன்று முறை பெயரைச் சொன்னாய்.

பந்தி முடிந்ததும் உன்னைக் கிணற்றடியில் பிடித்தேன்.

"அத்தன பேரு முன்னால செவுட்டுக் காதுல சொல்லிக் கிண்டல் பண்றியா?"

"கேக்குதோ கேக்கலியோ, அவளுக்குச் சேர வேண்டிய மொறைய நான் எதுக்கு மாத்தணும்? அது அவ காது, அம்மிணி. குட்டியா இருந்தா இல்லேன்னு ஆயிருமா?"

எனக்கு அன்றைக்கு அது புரியவில்லை. எனக்கு அது இல்லாத காதுதான். இங்கே எடிசனுக்கு வந்த பிறகும் தினமும் காலையில் அவள் முடியை வலது பக்கமாக இழுத்து வாரிக் கிளிப் போடுவேன். ஆல்பத்தைத் திருப்பிப் பார், எல்லாப் படத்திலும் இடது பக்கம்தான். பிறந்த நாள், பனி பொம்மை, கோயில் வாசல், எதிலும் வலது பக்கம் இல்லை.

அப்புறம் ஒய்டூகே கம்ப்யூட்டர் வேலைக்கு நீ வந்து எங்கள் சோபாவில் குடியேறினாய். காலை ரயிலுக்கு ஓடுவதற்கு முன்னால் ஒரு ரகசியம், சாயங்காலம் வந்ததும் ஒரு ரகசியம். எல்லாம் அவளுடைய வலது காதில்தான். முகத்தை அவள் தலையோடு அழுத்தி வைத்துக்கொண்டு என்னவோ முணுமுணுப்பாய். அவள் நெளிந்து நெளிந்து சிரிப்பாள்.

"அந்தக் காதுல சொல்லி என்ன பிரயோஜனம்?" என்று கேட்டால், "இதுலதான் பத்திரம். உள்ள போனா வெளிய வராது, வாசலே இல்லியே" என்பாய். நீ சும்மா உதட்டை அசைக்கிறாய், மீசை குத்துவதில் அவள் சிரிக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

முதல் தடவை அந்த ஸ்டுடியோவுக்குப் போனபோது நீயும் வந்தாய். முகத்தை முக்கால் பக்கம் திருப்பி வலது காது தெரிய வேண்டும், அதுதான் ரூல் என்றார் அவர். இடது காதை எடுங்கள் என்றேன். முடியாது, திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றார். நான் அவளைக் கையைப் பிடித்து ஸ்டூலிலிருந்து இறக்கிவிட்டேன். கிரீன் கார்டே வேண்டாம் என்று சொன்னதாகக்கூட ஞாபகம். உன் மாப்பிள்ளை வழக்கம்போலத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நீ அவளைத் தூக்கி மறுபடி ஸ்டூலில் வைத்தாய். "காது தெரியணும்னுதான் போட்டிருக்கான். எப்படிப்பட்ட காதுன்னு போடலியே" என்று கிளிப்பைக் கழற்றினாய். பளிச்சென்று ஒரு வெளிச்சம். அவள் பிறந்ததிலிருந்து வலது பக்கம் எடுத்த முதல் படம் அது. எடுத்தது அரசாங்கத்துக்காக.

அடுத்த வாரமே டாக்டரைத் தேடினேன். பள்ளிக்கூடத்தில் பையன்கள் முடியைத் தூக்கிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள், அதுவும் ஒரு காரணம். காவ்யாவிடம் கேட்டபோது தோளைக் குலுக்கி, "கண்ணாடி போடணும்னா ரெண்டு காது வேணும்ல" என்று அவளுக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். கண்ணாடி போடுகிற பிள்ளைகள்மேல் அவளுக்கு அப்போது பெரிய பொறாமை.

நியூயார்க் டாக்டர் முன்னால் நான் பண்ணின கூத்தை நீ சாகும்வரை சொல்லிச் சிரித்தாய். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று அவர் கேட்டார். நான், "கிரகணத்தன்று கத்திரிக்கோலைத் தொடவே இல்லை, சத்தியமாகப் படுத்துத்தான் இருந்தேன்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். அவர் பேனாவை வைத்துவிட்டு உன்னைப் பார்த்தார். நீ விளக்கினாய். அவர் சிரிக்கவில்லை. "நீங்கள் செய்த எதனாலும் இது வரவில்லை, செய்யாத எதனாலும் வரவில்லை" என்று நிதானமாகச் சொன்னார். ஏழு வருஷமாக எனக்கு யாரும் அதைச் சொல்லவில்லை.

இடது காதின்மேல் கண்ணாடி மாதிரி ஒரு தாளை வைத்து வரைந்தார். அதைத் திருப்பிப் போட்டால் வலது காதின் அளவு. விலா எலும்போடு ஒட்டிய குருத்தெலும்பை எடுத்து அந்த வடிவத்தில் செதுக்கித் தோலுக்குள் வைப்பார்களாம். பிறகு தோடு போடுகிற கீழ்ச் சதைக்கு ஒரு ஆபரேஷன், காதைத் தலையிலிருந்து பிரித்து நிமிர்த்த இன்னொன்று. ஆக மூன்று.

"கேட்குமா?" என்றேன்.

இந்த ஆபரேஷன் கேட்பதற்கில்லை என்றார். உள்ளே நரம்பு நன்றாக இருக்கிறது, வழிதான் அடைத்திருக்கிறது, எலும்பு வழியாகக் கொஞ்சம் போகும் என்று மேலும் என்னவோ சொன்னார். இல்லை என்ற வார்த்தைக்கு அப்புறம் நான் எதையும் கேட்கவில்லை. நீதான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு அவரிடம் துருவித் துருவிக் கேட்டுக்கொண்டிருந்தாய்.

ஆபரேஷன் அன்று காலையில் அவளைத் தள்ளிக்கொண்டு போகிற கட்டில் கதவுக்கிட்டே நின்றது. நான் அவள் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தேன். நீ குனிந்து வலது பக்கம் முகத்தை அழுத்தி வழக்கம்போல ஒரு ரகசியம் சொன்னாய். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனாள்.

"என்ன சொன்னே?"

"அது எனக்கும் அவளுக்கும்."

நேரம் போகவே இல்லை. டாக்டர் வெளியே வந்து நன்றாக முடிந்தது என்றார். உள்ளே போய்ப் பார்த்தால் தலையெல்லாம் கட்டு, காதுக்குப் பக்கத்திலிருந்து மெல்லிய ட்யூப், அதில் ரத்தம் சொட்டு சொட்டாக இறங்குகிறது. குழந்தையின் முகம் வெளுத்துக்கிடந்தது. என் ஆசைக்காக நல்லா இருந்த நெஞ்சைக் கிழித்துவிட்டேனே என்று சத்தமாக அழ ஆரம்பித்தேன். நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். அப்போது காவ்யா கண்ணைத் திறந்தாள்.

"அம்மா, பசிக்குது."

எதற்கும் இங்கிலீஷில் பதில் சொல்கிறவள் தெளிவாகத் தமிழில் சொன்னாள். எனக்கு அழுகை எங்கே போனதென்று தெரியவில்லை. தயிர் சாதம் கொடுக்கலாமா என்று நர்ஸோடு சண்டைக்குப் போனேன். ஐஸ் துண்டுதான் கொடுக்கலாம் என்றாள் அவள். தயிரும் குளிர்ச்சிதானே என்று வாதாடினேன். சாயங்காலம் கொடுக்கலாம் என்று அவள் சொன்னதும் உன் மாப்பிள்ளையை எடிசனுக்குத் துரத்திவிட்டேன். நீ சுவரில் சாய்ந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தாய். உனக்குக் கல்நெஞ்சு என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு காதைவிட நெஞ்சுதான் அவளுக்கு வலித்தது. இருமினால் வலி, சிரித்தால் வலி. "நீ வாயைத் திறக்கக் கூடாது" என்று உனக்குத் தடை போட்டேன். நீ முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தாய். அதைப் பார்த்தே அவள் சிரித்து, வலி தாங்காமல் அழுது, "டெல் ஹிம் டு கோ" என்றாள். துண்டால் தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்தாய். அதற்கும் சிரித்தாள்.

அப்புறம் அந்தக் கறுப்பு. கட்டுப் பிரித்தபோது காதின் மேல் விளிம்பில் ஒரு இடம் கறுத்திருந்தது. மருந்து போட்டு ஈரமாக வைத்துக்கொள்ளுங்கள், தோல் பிய்ந்தால் உள்ளே வைத்தது வீணாகிவிடும், மறுபடி குருத்தெலும்பு எடுக்க நெஞ்சில் இடமும் அதிகமில்லை என்றார் டாக்டர். காதை எதுவும் அழுத்தாமல் மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி. மூடியைத் திறக்க என்னால் முடியவில்லை. மருந்துக் குழாயை எடுத்துக் கொடுத்துவிட்டு அடுப்படிக்கு ஓடிவிடுவேன். ரயிலுக்குப் போகிற அவசரத்திலும் நீதான் திறந்து பார்ப்பாய். டி.வி.யில் வானிலை சொல்கிறவன் மாதிரி அங்கிருந்து கத்துவாய்.

"இன்னிக்கு மேக்கால லேசா மேகம். மத்தியானத்துக்கு மேல வெயில்."

ஒரு நாள் மேகம் அப்படியே இருக்கிறது என்றாய். நான் கரண்டியைப் போட்டுவிட்டு வந்தேன். "போதும்ணா. இது ஆறுனா போதும். மீதி ரெண்டு ஆபரேஷனும் வேண்டாம்."

"காலேஜப் பாதியில விட்டே. டிரைவிங் கிளாஸப் பாதியில விட்டே. அந்தக் கம்ப்யூட்டர் கோர்ஸ்ல எத்தன நாள் இருந்தே, ஒரு வாரமா? நான் ஒண்ணும் சொல்லல." நீ டையைக் கட்டிக்கொண்டே சொன்னாய். "இது உன்னுது இல்ல அம்மிணி, அவளுது. அவ பாதியில நிக்கிறா."

மறுநாள் நீ சீக்கிரம் கிளம்பிவிட்டாய். வேண்டுமென்றேதான். மேசையில் மருந்துக் குழாய் இருந்தது. காவ்யா சோபாவில் இடது பக்கமாகப் படுத்துக்கொண்டு, "அம்மா, யூ டூ இட்" என்றாள். மூடியைத் திறந்தேன். கறுப்பு ஓரத்திலிருந்து உதிர்ந்துகொண்டிருந்தது, அடியில் புதுத் தோல், இளஞ்சிவப்பாக. மேலே மடிப்பு, உள்ளே குழிவு. ஆப்பத்தின் ஓரம் மாதிரி மெல்லிசாகச் சுருண்டிருந்தது. காது. உன் ஆபீசுக்குப் போன் போட்டேன். "வெயில்" என்றேன்.

மற்ற இரண்டும் முடிந்தன. நான் முழுசாக முடித்த முதல் விஷயம் அந்தக் காதுதான்.

போன பனிக்காலத்தில் ஒஹாயோவிலிருந்து போன் வந்தது. புது ப்ராஜெக்டுக்குப் போன இடத்தில், உறைந்த ரோட்டில் உன் கார் வழுக்கிவிட்டது என்றார்கள். போனை வைத்துவிட்டு அடுப்படித் தரையில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரமோ. காவ்யா வந்து முன்னால் நின்றாள். "அம்மா, பசிக்குது" என்றாள். நான் எழுந்து அரிசி களைந்தேன். ரசம் வைத்தேன், அப்பளம்கூடப் பொரித்தேன். அவள் நாலு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டை நகர்த்தினாள். நான் அதைக் கவனித்தேன், ஆனால் ஒன்றும் யோசிக்கவில்லை.

இன்று ஸ்டுடியோவிலிருந்து திரும்பும்போது காரில் படத்தை அவளிடம் கொடுத்தேன். ஆமாம், டிரைவிங்கையும் முடித்துவிட்டேன். அவள் படத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "மாமா வுட் லைக் இட்" என்றாள்.

"அன்னிக்கு ஆபரேஷனுக்கு முன்னாடி உன்கிட்ட என்னமோ சொன்னானே. உனக்குக் கேட்டிருக்காது. ஆனா சிரிச்சியே, ஏன்?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "ஐ குட் ஹியர் ஹிம், அம்மா. எப்பவுமே." காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பைத் தொட்டுக் காட்டினாள். "மாமா இங்க தாடைய வெச்சுத்தான் பேசுவாரு. உள்ள ட்ரம் மாதிரி வரும்."

பக்கத்தில் இருந்த பார்க்கிங்கில் வண்டியை நிறுத்திவிட்டேன்.

"என்ன சொன்னான்?"

அவள் உன் குரலை எடுத்துக்கொண்டாள். ஈரோட்டு இழுப்பு அப்படியே வந்தது. "'உங்கம்மா அழுதா எனக்குச் சமாளிக்கத் தெரியாது சாமி. கண்ணு முழிச்சதும் பசிக்குதுன்னு சொல்லிரு. சோறுன்னு கேட்டா அழுகைய விட்டுட்டு ஓடுவா. எதையும் பாதியில விடறவதான.'"

எனக்குச் சிரிப்புதான் வந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்த இன்னொரு நாள் ஞாபகம் வந்தது.

"போன் வந்த அன்னிக்கு?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஐ வாஸன்ட் ஹங்ரி, அம்மா."

இந்த ஊர்க் காரில் ஓட்டுகிறவளுக்குப் பக்கத்தில் இருப்பது குழந்தையின் இடது காதுதான். நான் இறங்கினேன். சுற்றிப் போய் அவள் பக்கத்துக் கதவைத் திறந்தேன். அவள் முடியை ஒதுக்கினாள். அந்தக் காதுக்குப் பின்னால், நீ வைத்த இடத்தில் தாடையை வைத்து, நானும் ஒன்று சொன்னேன். அவள் தோள் குலுங்கியது. சிரிப்புத்தான்.

என்ன சொன்னேன் என்று உனக்குச் சொல்லமாட்டேன், அண்ணா. அது எனக்கும் அவளுக்கும்.