கண்ணுப்பொட்டியும் ஓர் எலுமிச்சம்பழமும்

இன்று காலை எழுந்ததும், அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே, அந்தப் பெட்டியைத் திறந்தேன். மெல்லிய துணியால் கண்ணாடிகளைத் துடைத்துவிட்டுத் தலையைச் சுற்றி மாட்டும் பட்டையைக் கையில் எடுத்தபோது வெந்தய எண்ணெய் வாசம் வந்தது. உன் தலைமுடியின் வாசம். பஸ்ஸில் ஜன்னலோரம் நீ உட்கார்ந்து, பறக்கும் முடியை ஒதுக்கிக்கொள்வதுபோல் இருந்தது. துணியைக் கீழே வைத்துவிட்டேன்.

நம் மலைப் பள்ளிக்கு வந்த ஒரே வி.ஆர். கருவி, கண்ணில் மாட்டினால் வேறோர் இடத்துக்குள்ளேயே நிற்பதுபோல் காட்டுவது. பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் கண்ணுப்பொட்டி. அது வந்த அன்று மேசைமேல் வைத்துவிட்டு நாங்களெல்லாம் சற்றுத் தள்ளியே நின்றோம். "ஒடைஞ்சா யாருங்க பதில் சொல்றது?" என்றார் தலைமையாசிரியர். "பாடம் சொல்ல வாய் இருக்கிற வரைக்கும் எனக்கு இது வேணாம்" என்றேன் நான். நீதான் எடுத்து மாட்டிக்கொண்டாய். உள்ளே கடல். அலை வந்ததும் புடவையைக் கணுக்கால்வரை தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்து, பீரோவில் இடித்துக்கொண்டாய்.

"இன்னா டீச்சர், நனைஞ்சிட்டீங்களா?" என்றார் தலைமையாசிரியர்.

"உப்புக்காத்து நல்லா அடிக்குது சார். வர்றீங்களா?"

என் தயக்கம் உனக்குத் தெரியும். போளூர் தாண்டி மலைப்பாதை வளையத் தொடங்கியதும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி கண்ணை இறுக மூடிக்கொள்பவள் நான். கணியம்பாடியில் ஏறி உனக்கு இடம் போட்டுவைப்பேன். கண்ணமங்கலத்தில் நீ ஏறும்போது எனக்கான பழம் உன் பையில் இருக்கும். அதைவிடப் பெரிய தயக்கம் ஒன்றும் இருந்தது. பிள்ளைகளின் முகம் பார்க்காமல் எனக்குப் பாடம் நடத்த வராது. புரிந்ததா இல்லையா என்பதைப் புருவத்தில்தான் படிப்பேன். இந்தக் கருவி பாதி முகத்தை மூடிவிடுகிறதே என்றேன்.

"ஒரு நாள் என் கிளாஸுக்கு வந்து பின்னால நில்லுடி. அப்புறம் பேசு."

வந்து நின்றேன். ஒரு பிள்ளை மாட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். பார்ப்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். அவ்வளவுதான் உன் முறை. அன்று மாட்டிக்கொண்டவள், பெயர் கூப்பிட்டால்கூட வாய் திறக்காத அந்த மலைப் பெண். தண்ணீரில் இறங்கப் போகிறோமே என்று முதலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"இன்னாம்மா தெரியுது?" என்றாய்.

"சாமைக் கொல்லை டீச்சர். காத்துல மொத்தமா சாயுமே, அந்த மாதிரி. ஆனா நீலமா கீது. சாஞ்சி எழுந்து நம்மகிட்டயே வருது."

"அந்தாண்ட கரை தெரியுதா?"

"கரையே இல்ல. மலையும் இல்ல. பயமா கீது டீச்சர். இன்னும் கொஞ்ச நேரம் பாக்கட்டா?"

நானும் கண்ணை மூடியிருந்தேன். கடலை எத்தனையோ முறை பார்த்தவள்தான். அன்று கண்டது வேறு கடல். அதன்மேல் கதிர்கள் தலைசாய்த்து அசைந்துகொண்டிருந்தன. கண் திறந்தபோது வகுப்பு முழுவதும் மூடிய இமைகளோடு ஒரே பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. அத்தனை முகங்களையும் படிக்க முடிந்தது.

பஸ்ஸில் நீ விடவில்லை. "இன்னாடி, முகம் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது, போடி."

"அப்போ நாளைக்கு நீ மாட்டிக்கோ."

"மயக்கம் வந்து வுழுந்தா?"

"எலுமிச்சம்பழத்தக் கையில புடிச்சிக்கோ, மகாராணி."

நான் மாட்டிக்கொள்ளவில்லை. நீதான் இருந்தாயே.

பிறகு வேலூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உனக்கு முடியும் இல்லை, எண்ணெய் வாசமும் இல்லை. "மேல போய்ட்டுத்தானே வர்ற? சொல்லு, நான் கண்ணை மூடிக்கிறேன்" என்பாய். வளைவுகளில் நான் எதையுமே பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. உனக்குச் சொல்வதற்காகக் கண்ணைத் திறந்துவைக்கப் பழகினேன். கீழே ஊர்கள் ஒவ்வொன்றாகப் பனிக்குள் போவதையும், புளியமரங்கள் காய்த்துத் தொங்குவதையும், பள்ளி வாசலில் யாரோ சாமை உலர்த்தியிருப்பதையும் சொல்லிக்கொண்டே இருப்பேன். மூடிய உன் இமைக்குள் விழிகள் அசையும். வந்துகொண்டிருக்கிறாய் என்று தெரியும். கடைசி நாளில் பாதி மலை ஏறியதுமே தூங்கிவிட்டாய். மீதியையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அதன்பின் கண்ணுப்பொட்டியை யாரும் தொடவில்லை. அந்தப் பெண்ணும் மறுபடி வாயை மூடிக்கொண்டாள். போன வாரம் தலைமையாசிரியர், "சும்மா தூசிதான் படியுதும்மா. கீழ ஒரு பள்ளிக்கூடத்துல கேக்கறாங்க. வூட்டுக்கு எடுத்துப்போய்த் தொடச்சிக் கொண்டாங்க, திங்கக்கெழம குடுத்துடலாம்" என்றார். தலையாட்டினேன். பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றபோது அவள் பின்னாலேயே வந்து நின்றாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவள் குரலைக் கேட்டேன்.

"டீச்சர், கடல எங்க எடுத்துனு போறீங்க?"

இன்று திங்கள். கண்ணாடிகளைத் துடைத்தேன், பட்டையைத் துடைக்கவில்லை. கருவியில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. அதை வாங்கக் கீழ்ப் பள்ளியிலிருந்து வருபவர் வெறுங்கையோடுதான் திரும்பப் போகிறார். தலைமையாசிரியருக்கு இது இன்னும் தெரியாது, வீட்டிலும் சொல்லவில்லை. முதல் பாடவேளையில் நானே மாட்டிக்கொண்டு, கண்மூடியிருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லப் போகிறேன். அடுத்தது அவள் முறை.

பையில் ஓர் எலுமிச்சம்பழம் எடுத்துவைத்திருக்கிறேன். பஸ்ஸுக்கு அல்ல.