கதவுக்கு வெளியே நடந்தது

என் சின்ன மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். அதற்கு மேல் என்னிடம் நல்ல வார்த்தை எதிர்பார்க்காதே, எனக்குக் கோபம் தலைக்கேறிக் கிடக்கிறது. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுது தொலைப்பேன், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். அதனால்தான் கடிதம். உட்கார்ந்து முழுசாகப் படி.

உன் புத்தகம் ஐந்து பிரதி வந்து சேர்ந்தது. அப்பா நான்கை ஒரே வாரத்தில் வாரி வழங்கிவிட்டார், மருந்துக்கடைக்காரர், எதிர்வீட்டு டீச்சர், பல் டாக்டர், டயர் கம்பெனியில் கூட வேலை செய்த சூப்பர்வைசர். என் பொண்ணு எழுதுனது, சின்னப் பிள்ளைங்க கதைதான், ஆனா பெரியவங்களும் படிக்கலாம் என்று எல்லோரிடமும் அதே வசனம், அதுவும் ஒரு பக்கம்கூடப் புரட்டாமல். மிஞ்சிய ஒன்றை நான் முதலில் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பதினோரு வயசுப் பெண் அப்பாவின் மழைக்கோட்டை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டால் பழைய நாளுக்குப் போய்விடுகிறாளாம், எங்கிருந்துதான் யோசித்தாயோ. நம் வீட்டு மழைக்கோட்டு இப்போது வாஷிங் மெஷினுக்குப் போர்வை. நானும் ஒருநாள் திருப்பி மாட்டிப் பார்த்தேன், தும்மல்தான் வந்தது.

ஆனால் அந்த ஏழாம் அத்தியாயம், பள்ளிக்கூட ஆண்டு விழா. உன் கதைப் பெண் நாடகத்தில் தலையில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு கலங்கரை விளக்கமாக நிற்கிறாள், அப்பாவின் நாற்காலி காலி. அதைச் சரிசெய்ய மூன்று தடவை அந்த நாளுக்கே திரும்பிப் போகிறாள், கம்பெனிச் சங்கை முன்கூட்டியே ஊத வைக்கிறாள், பஸ்ஸைப் பிடித்து நிறுத்துகிறாள், சாப்பாட்டு டப்பாவில் சீட்டு எழுதி வைக்கிறாள், அந்த மனுஷன் மட்டும் வரவே இல்லை. கடைசியில் சில நாற்காலிகள் காலியாகவே இருக்கும், அதைத் தெரிந்துகொள்வதுதான் வளர்வது என்று ஒரு தத்துவம். அதைத்தான் எல்லோரும் ஆஹா ஓஹோ என்கிறார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன் மகள் ஒரே மூச்சில் படித்து முடித்துவிட்டு நேராகச் சாப்பாட்டு மேசைக்கு வந்து, தாத்தா நீங்க ஏன் அத்தை நாடகத்துக்குப் போகல என்று கேட்டாள். எல்லோரும் இருக்கிறோம். அப்பா என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, வேலை இருந்துச்சும்மா என்றார். இத்தனை வருஷம் கழித்தும் அதே பதில். அன்று சாயங்காலம் தானும் புத்தகத்தை எடுத்துப் படித்துவிட்டு என்னிடம் வந்து சிரித்துக்கொண்டே, அந்தப் பொண்ணு ஒரு தடவை ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தா போதும்ல என்றார். அந்தச் சிரிப்புக்கு அவர் என்னை நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

உன் நாடகத்தன்றைக்கு அப்பா வந்தார். டயருக்குக் கரித்தூள் கலக்கிற பிரிவில் ஷிப்டு முடிந்து குளித்தால் ஒரு மணி நேரம் ஆகும், நீ மேடை ஏறிவிடுவாய் என்று அப்படியே சைக்கிளை மிதித்து வந்தார். கண்ணும் பல்லும் தவிர எல்லாம் கறுப்பு. உள்ளே நாற்காலிகளுக்கெல்லாம் வெள்ளை உறை போட்டிருந்தார்கள். கதவுப் பக்கம் என்னோடு பேசிக்கொண்டிருந்த டாக்டர் வீட்டு அம்மா அவரைப் பார்த்ததும் இரண்டடி தள்ளி நின்றாள், எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. நான்தான் அவரை உள்ளே விடவில்லை. அவர் போய் மூன்றாவது ஜன்னலுக்குக் கீழே சைக்கிளை நிறுத்தி அதன்மேல் ஏறி நின்று நாடகம் முடியும்வரை பார்த்தார். நீ நடுவில் வசனம் மறந்து கூரையைப் பார்த்தாயே, அதுகூட அவருக்குத் தெரியும். நீ வெளியே வந்து அப்பா வரலையா என்று கேட்டபோது, வேலை முடியலபோல என்று நான் சொன்னேன், பத்தடி பின்னால் சுவரோரம் நின்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார், கேட்டுவிட்டு வேறு தெரு வழியாகப் போய்விட்டார். நான்கு நாள் நீ அவரோடு பேசவில்லை. நான் சொல்லிடறேன் என்றதற்கு, நீ சொன்னா உன்கிட்டயும் பேசமாட்டா, ஒருத்தர்கிட்டயாவது பேசட்டும் விடு என்றார்.

நான் பொய் சொன்னேன், சரி, ஒத்துக்கொள்கிறேன். உனக்கு என்ன வந்தது? காலத்தையே புரட்டிப் போடுகிற கதை எழுதுகிறவளுக்கு, ஒரு போன் போட்டு, அன்னைக்கு எங்க இருந்தீங்கப்பா என்று அவரைக் கேட்க வாய் வரவில்லையா? மூன்று தடவை போய் மூன்று தடவையும் அதே நாற்காலியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாய். இதில் முதல் பக்கத்தில் என் எல்லா மேடைகளுக்கும் வந்த அம்மாவுக்கு என்று வேறு போட்டிருக்கிறாய். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டாம் பதிப்புக்குத் திருத்தம் இருந்தால் இந்த மாசக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும் என்றாயே, இதுதான் என் திருத்தம். உன் கதைப் பெண்ணை நான்காவது தடவையும் அனுப்பு. உள்ளே போகவேண்டாம், கதவுக்கு வெளியே நிற்கட்டும், தன் அம்மா என்ன பேசுகிறாள் என்று காதால் கேட்கட்டும். என்னை நல்லவளாக்க எதையும் பூசி மெழுகாதே.

நேரத்துக்குச் சாப்பிடு, கழுத்து வலியோடு கம்ப்யூட்டர் முன்னாலேயே கிடக்காதே. நீயும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு இந்தக் கடிதம் தெரியாது. மறந்துவிடாதே, அன்று நான் அவரிடம் சொன்னது இதுதான், ஓர் எழுத்துகூட மாற்றாமல் போடு: "இந்தக் கோலத்துல உள்ள வந்து உக்காந்து, புள்ள மானத்த வாங்காதீங்க."

இப்படிக்கு,
அதைச் சொன்ன உன் அம்மா