வாயை மட்டும் இறுக்கினேன்

கார்வின்,

மான் வேட்டைக்கு ஐம்பது தோட்டா கேட்டு எழுதியிருக்கிறாய்.

நீ போன பிறகு சுட்ட தோட்டாக்களின் காலி உறைகளைத் துப்பாக்கிக் கடை ஓர்விலிடம்தான் எடுத்துப் போனேன். "மலிவா அடைச்சுத் தரேம்மா. எவ்வளவு வெடிமருந்துன்னு உன் புருஷன் வந்து சொல்லட்டும்" என்றார். பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். நீ தோட்டா அடைக்கும் மேசையில், உன் புத்தகத்தைப் பார்த்து நானே அடைக்கக் கற்றேன். முதலில் ஏழு உறைகளை நசுக்கினேன்தான். போன சனிக்கிழமை ஒரே குண்டில் மான் விழுந்தது.

அனுப்புவதில் ஒரு சிக்கல். சுட்ட உறை அந்தத் துப்பாக்கியின் அளவுக்கே உப்பிவிடும் என்று நீதானே சொன்னாய்? நான் உறை முழுவதையும் பழைய அளவுக்குச் சுருக்காமல், குண்டைப் பிடிக்கும் வாயை மட்டும் இறுக்கி அடைக்கிறேன். எல்லாம் என் துப்பாக்கியில் சுட்டவை.

மிஸூலா நகரத்தில் உனக்கும் அவளுக்கும் ஒரு தோட்டாக் கடையா கிடைக்காது? இங்கே நீயே துப்பாக்கியோடு வந்து நின்றாலும், இவை அதற்குள் நுழையாது.

இப்படிக்கு,
மேசைக்காரி