சிவப்புக் காய் போட்டவர் பேசலாம்

எதைக் கேட்டாலும் "தெரியாது" என்று ஒரு நாளும் சொல்லாத என் அண்ணனுக்கு,

நம் வீட்டில் டி.வி. வந்துவிட்டது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றதை எழுத எனக்கு ஓடாது. மொட்டை மாடியில் ஆன்டெனா நிற்கிறது. காக்கா வந்து உட்கார்ந்தால் கீழே படம் ஆடுகிறது. "ரேடியோவக் கேட்டுக்கிட்டே சோறு பொங்கலாம். டி.வி.யப் பாத்துக்கிட்டே பொங்குனா சோறு அடிப்பிடிக்கும். அதனால அந்தச் சாமான் நம்ம ஊர்ல நிக்காது" என்று நீ அடித்துச் சொன்னாயே, நினைவிருக்கிறதா? சோறு அடிப்பிடித்தது உண்மைதான். ஆனால் டி.வி. நம் ஊரில் நிலைத்து நின்றுவிட்டது அண்ணே.

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. முதல் வருஷத் திவசத்தை நல்லபடியாக முடித்தோம். அதை ஒட்டி வீட்டில் ஒரு காரியம் நடந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நீ விட்டுப்போன லெட்சுமி மதினியை, அவள் பிறந்த வாசுதேவநல்லூருக்கே கூட்டிக்கொண்டு போய்விட அவள் அண்ணன் சுடலைமுத்து வந்திருந்தார். உனக்குத்தான் தெரியுமே, முறைக்கு மதினி என்றாலும் அவள் என் வயதுக்காரி, எனக்கு இருக்கும் ஒரே கூட்டாளி. அவளும் போய்விட்டால் இந்த வீட்டில் நான் ஒருத்திதான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நாள் முழுக்க ஊரார் பேச்சை இணைத்துவிட்டு, பேச ஆளில்லாத வீட்டுக்கு வந்து நான் என்ன செய்வேன்?

அதுவும் எப்படிப்பட்ட வீடு! தாலுகா ஆபீஸ் முடிந்து நீ வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் முன்னறைப் பட்டாசலில் கேரம் போர்டு விரித்தாகிவிடும். உன் கூட்டாளிகள் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். நானும் மதினியும் டீ போட்டுக்கொண்டே உள்ளே இருந்து கேட்போம். ஆட்டம் ஒரு பக்கம் என்றால் பேச்சு ஒன்பது பக்கம். ஒரு நாள் அமெரிக்காவா ரஷ்யாவா என்று ஆரம்பித்த வாக்குவாதம் முற்றி, யார் கை பட்டதோ, போர்டு கவிழ்ந்து காயெல்லாம் கட்டிலடியில் உருண்டது. அன்றைக்குத்தானே நீ அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தாய்?

சிவப்புக் காயைப் போட்டு, அதற்கு ஃபாலோவாக அடுத்த தட்டில் இன்னொரு காயும் போட்டவன் எவனோ, அவனுக்குத்தான் பேச்சு. ஆட்டம் முடிந்து, டீ குடித்து, காய் திரும்ப அடுக்கி முடிக்கிறவரை அவன் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம். யாரும் வாயைத் திறக்கக் கூடாது. குறுக்கே பேசினால் ஒரு காய் மைனஸ். மறுத்துச் சொல்ல வேண்டுமா, நீயும் சிவப்பைப் போட்டுவிட்டு வா.

ஊரில் எந்த வீட்டிலும் இல்லாத சட்டம். போட்டவன் நீ, அதிகம் அனுபவித்தவனும் நீ. சிவப்பு விழுந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆரம்பிப்பாய். "அமெரிக்காக்காரன் முதல் அடியிலேயே எல்லாக் காயையும் உடைக்கப் பாக்கான். ரஷ்யாக்காரன் அடிக்காம அடுத்தவன் தப்புக்குக் காத்திருக்கான். நம்ம ஆளு ரெண்டு பேத்துக்கும் நடுவுல பவுடர் டப்பாவ வச்சுக்கிட்டு நிக்கான். ஆனா ஒண்ணு, பவுடர் இல்லாம எவனும் ஆட முடியாது பாத்துக்கோ." இதை எத்தனை வருஷமாகச் சொன்னாய்! அத்தனை தடவையும் புதிதாகத் தோன்றியது போலவே சொன்னாய்.

இரான், இராக் சண்டை மூண்டபோது, ஒரே மழைக்காலத்தில் முடிந்துவிடும் என்றாய். மழைக்காலம் எத்தனையோ வந்துபோய்விட்டது. சண்டை இன்னும் நடக்கிறது. அரபு நாட்டிலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் உன் கூட்டாளி கடையநல்லூர் இபுராஹிம் அண்ணன் உன்னிடம், "எந்த ஊர் மழைண்ணு சொல்லலியே அண்ணாச்சி" என்று கேட்பாரே, அப்போது மட்டும் நீ ஸ்ட்ரைக்கரைத் துடைக்க ஆரம்பித்துவிடுவாய்.

இந்தத் தடவையும் அவர் வந்தார். நீ போன சேதி அவருக்கு அரபு நாட்டில் தாமதமாகத்தான் கிடைத்திருக்கிறது. திவசத்துக்கு மறுநாள் காலையில் வாசலில் வந்து நின்றார். உள்ளே வந்தவர் உன் போட்டோவைப் பார்க்கவில்லை, சுவரில் சாய்த்து வைத்திருந்த கேரம் போர்டைத்தான் பார்த்தார். "அண்ணாச்சி மவுத்துக்கு வர முடியலம்மா. அங்கன இருந்தே கையேந்தி துஆ செஞ்சேன்" என்று சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன். பிறகு பையைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்தார். டி.வி.யில் மாட்டி விளையாடுகிற சாமான். உனக்குக் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தாராம்.

முன்பு அவர் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு விளையாட்டுப் பெட்டி கொண்டுவந்தபோது நீ என்ன சொன்னாய்? "ஜெயிச்சா அதுக்கு மூஞ்சி தொங்கணும், தோத்தா அது நம்மளப் பாத்துச் சிரிக்கணும். ரெண்டும் இல்லன்னா அது என்னலே விளையாட்டு?" அப்படிச் சொன்னவன்தான் ஆபீஸுக்கும் அதைக் கொண்டுபோனாய். பேட்டரி தீர்ந்ததும் நம் சங்கரன்கோவில் முழுக்கத் தேடிவிட்டு, திருநெல்வேலிக்கு பஸ் ஏறினாய். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. உன் மானத்தைக் காப்பாற்றினோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இபுராஹிம் அண்ணன் வந்த நேரம் சுடலைமுத்து அண்ணாச்சி பயணத்துக்குத் தயாராகப் பட்டாசலில் உட்கார்ந்திருந்தார். மதினியின் டிரங்குப் பெட்டியை அவரே கட்டி வாசல் பக்கம் வைத்திருந்தார். குறை சொல்லக் கூடாது, நல்ல மனிதர். தங்கச்சி தனியாகக் கிடக்கிறாளே என்ற கவலை. வயல் இருக்கிறது, வீடு இருக்கிறது, அவள் ஏன் நாத்தனார் சம்பாத்தியத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டார். மதினியிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு, அவள் "போறேன்" என்று சொல்லிவிட்டால்?

மத்தியான பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. இபுராஹிம் அண்ணன் போர்டைத் தடவிக்கொண்டே இருந்தவர், "நம்மள விட்டுப் போன அண்ணாச்சி பேருக்கு ஒரு ஆட்டம் போடுவோமா?" என்றார். சுடலைமுத்து அண்ணாச்சிக்கும் கேரம் என்றால் ஆசைதான். நான் மூன்றாவது ஆள். ஒரு கை குறைந்தது. இபுராஹிம் அண்ணன் அடுக்களைப் பக்கம் பார்த்து, "மதினி, ஒரு கை கொறையுது, வாங்க" என்று கூப்பிட்டார்.

இந்த ஒரு வருஷமும் ஆம்பிளைகள் வந்தால் மதினி பட்டாசலில் தலைகாட்டியதில்லை. வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். வந்து எனக்கு எதிரே, நீ உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். சுடலைமுத்து அண்ணாச்சி உத்தரத்தைப் பார்த்தார்.

ஆட்டத்தை நீட்டிச் சொல்லவில்லை. சிவப்பு நடுவிலேயே கிடந்தது. மதினி ஸ்ட்ரைக்கரை வைத்தாள், ஒரு தட்டு. சிவப்பு போய்க் குழியில் விழுந்தது. அடுத்த தட்டில் ஃபாலோ. இபுராஹிம் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தபடி இருந்தேன். மிச்ச ஆட்டத்தையும் ஆடி முடித்தோம். முடிந்ததும் நான் டீ கொண்டுவந்து வைத்தேன். மதினி டம்ளரைத் தொடவில்லை.

"நான் பேசலாம்லா?" என்றாள்.

"சட்டம் அப்பிடித்தானே மதினி" என்றார் இபுராஹிம் அண்ணன்.

"அண்ணே, நீங்க என்னையக் கூப்பிடுதது பாசத்துலதான். அங்கன வந்தா எனக்குச் சோத்துக்கோ துணிக்கோ ஒரு கொறையும் வராது. ஆனா…"

"ஏட்டி, இப்பம் எதுக்கு அந்தப் பேச்சு? பஸ்ஸுல போகும்போது…"

"அண்ணாச்சி, ஒரு காய் மைனஸ்" என்றார் இபுராஹிம் அண்ணன்.

"நான் இன்னும் ஒரு காயும் போடலியே வே!"

"அடுத்த ஆட்டத்துல போடுவியள்லா, அதுல எடுத்துக்கிடுவோம். இப்பம் மதினி பேசட்டும்."

மதினி யார் முகத்தையும் பார்க்காமல் போர்டைப் பார்த்துப் பேசினாள். "அங்கன வந்தா நான் எல்லாருக்கும் பாவப்பட்ட பொம்பள. விசேஷத்துக்குப் பின்னால நிக்கணும், யாராவது வந்தா உள்ள போகணும். இங்கன நான் இந்த வீட்டுக்காரி. கோமதி காலையில டூட்டிக்குப் போறா, நான் சோறு கட்டிக் குடுக்கேன். சாயங்காலம் வந்து எக்ஸ்சேஞ்சுல நடந்ததெல்லாம் சொல்லுதா. நான் கேக்கேன். எனக்கு அது போதும்ணே. நான் வரல."

சொல்லி முடித்துவிட்டுக் காய்களை அடுக்க ஆரம்பித்தாள். அடுக்கி முடித்தால் சுடலைமுத்து அண்ணாச்சி பேசலாம். கடைசிக் காயை வைக்கும்வரை அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி நீளமாக ஒரு மூச்சு விட்டார். "நெல் அறுப்புக்காவது வந்து நாலு நாள் இருந்துட்டுப் போ" என்றார். பிறகு இன்னொரு ஆட்டம் ஆடினோம், அதில் அவருக்கு நிஜமாகவே ஒரு காயைக் கழித்தோம். பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் தனியாகப் போனார். டிரங்குப் பெட்டியை அவரே தூக்கி உள்ளே வைத்துவிட்டுத்தான் போனார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல?

இப்போது ஞாயிற்றுக்கிழமை என்றால் எக்ஸ்சேஞ்சில் என்னோடு வேலை பார்க்கும் பெண்கள் நம் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். சட்டம் அதே சட்டம்தான். நம்பரைச் சுற்றினால் தானே இணைக்கும் ஆட்டோமேட்டிக் எக்ஸ்சேஞ்ச் வந்தால் எங்களை எங்கே மாற்றுவார்கள் என்பதுதான் பெரிய பேச்சு. "நம்ம ஊர்க்காரன் என்னைக்கு நம்பர் சொன்னான்? மாவு மில்லுக்குப் போடு தாயீன்னுதான் சொல்லுவான். மிஷினுக்கு மாவு மில்லு எங்கன இருக்குன்னு தெரியுமா?" என்று நீ சொன்னதை அவர்களிடம் சொன்னேன். சிரித்து அடங்க வெகுநேரம் ஆனது. மிஷின் வைக்க அறையை அளந்துகொண்டு போயிருக்கிறார்கள், மிஷின் இன்னும் வரவில்லை. இதில் மட்டும் நீ இன்னும் தோற்கவில்லை அண்ணே.

மதினி பேசுவதை நீ கேட்க வேண்டும். அமெரிக்காவும் ரஷ்யாவும் அணுகுண்டைக் குறைக்கப் பேசப் போய் முடிவில்லாமல் திரும்பியதை டி.வி.யில் காட்டினார்கள். "அம்புட்டுத் தூரம் போனவுகளுக்கு வயிறாரச் சாப்பாடு போட்டாகளான்னு யாராவது கேட்டாகளா? பசியில இருக்க ஆம்பிளகிட்ட எதப் பேசி முடிக்க முடியும்?" என்றாள். இபுராஹிம் அண்ணன் தந்த டி.வி. விளையாட்டையும் ஆடிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா டீ குடிக்கக்கூட விட மாட்டேங்குதே" என்று எடுத்து வைத்துவிட்டாள்.

போன ஞாயிறு எல்லோரும் போன பிறகு அவளிடம் கேட்டேன். "இம்புட்டு நல்லா ஆடுத. லீவு நாள்ல நீங்க ரெண்டு பேரும் ஆடும்போது மட்டும் அண்ணன்தான சிவப்பப் போடும்? நீ ஒரு தடவகூடப் போட்டு நான் பாக்கலியே?"

போர்டைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "சிவப்புக் காயி குழி வாயிலயே நிக்கும் கோமதி. நான் வேற காயப் பாத்து அடிப்பேன். நான் போட்டா நான்லா பேசணும்? எனக்கு அவுக பேசணும்."

கோபித்துக்கொள்ளாதே அண்ணே. நீ ஜெயித்ததில் பாதி உன் கைத்திறமை இல்லை. ஆனால் உன் பேச்சைக் கேட்க ஒருத்தி எல்லா ஆட்டத்தையும் விட்டுக்கொடுத்திருக்கிறாள். எத்தனை பேருக்கு அது கிடைக்கும்?

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நான் இருக்கிறவரை, இனி எதிரே யார் உட்கார்ந்தாலும், மதினி சிவப்பை விட்டுக்கொடுக்காமல் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் பேச்சை உள்ளிருந்தே கேட்டு வளர்ந்த,
உன் தங்கச்சி கோமதி