காம்பு கிள்ளிய புல்

ஜூன் 3

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இருக்கிறேன். நீயும் பேத்தி வாலுவும் போய்ச் சேர்ந்ததைப் பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்லியிருக்கிறாய். பெற்றவளுக்குச் சொல்லத் தோன்றவில்லை. போகட்டும். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாதல்லவா?

கிளம்பிய அன்று வண்டியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "எல்லாத்தையும் நீயே மென்னு மென்னு ஊட்டி, என்னை ஒண்ணுக்கும் ஆகாதவளா ஆக்கிட்டே!" என்று கத்தினாய். சாம்பல் நிறச் சட்டை, இடது கையில் குடை. வண்டிக்காரன்கூடத் திரும்பிப் பார்த்தான். எதையும் நான் மறக்கவில்லை. மீனில் முள் எடுத்துப் போட்டது ஒரு குற்றமா?

உன் மகளின் முயல் பொத்தான் சுகம். 'காய்ந்த புல், எப்பவும் முன்னால இருக்கணும்' என்று சீட்டு எழுதி வைத்தாயே, என்ன புல் என்று எழுதினாயா? தீவனக் கடைக்காரன் வைக்கோலைத் தூக்கிப் போட்டான். "இது மாடு திங்கறதுப்பா, மூணு மாச முயல்குட்டிக்கு ஆகாது" என்றேன். ஒவ்வொரு புல்கட்டுக்குள்ளும் கையை விட்டு மோந்து பார்த்தேன். ஒன்றில் தூசி, ஒன்றில் பூஞ்சை வாடை. "என்ன பாட்டி, முயலுக்குப் பொண்ணு பாக்கறீங்களா?" என்று சிரித்தான். கடைசியில் உள்ளேயிருந்து குதிரைமசால் என்கிற தீவனப் புல்லைக் காயவைத்த கட்டாகக் கொண்டுவந்தான். பச்சை மாறாமல், தேயிலை மாதிரி மணம். வளரும் குட்டிக்கு அதுதான் சத்தாம்.

அம்மா

பி.கு.: காம்பு முரடாக இருக்கிறது. சின்ன வாய் கிழிந்துவிடாதா? கீரை ஆய்வதுபோல் உட்கார்ந்து காம்பைக் கிள்ளிவிட்டு இலையை மட்டும் போடுகிறேன். சரிதானே? எழுது.


ஜூன் 15

அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. வாசலில் நடந்ததையே மறுபடி எழுதியிருக்கிறீர்கள். பதில் சொல்லத் தெம்பில்லை. விடுதியின் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நின்று இஸ்திரி போடுகிறேன். படுக்கை விரிப்பு மட்டும் தினம் இருநூறு. எங்களுக்கு அறை கொடுத்த அம்மாள், பிராணிகள் கூடவே கூடாது என்கிறார். தனி வீடு கிடைத்ததும் வந்து பொத்தானை அழைத்துக்கொள்கிறோம். அதுவரை நீங்கள்தான். அது சாப்பிடுகிறதா என்று வாலு தினமும் கேட்கிறாள். அதன் படத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறாள்.

மகள்


ஜூன் 26

அன்பு மகளுக்கு,

எப்போதிலிருந்து நான் உனக்கு 'நீங்கள்' ஆனேன்? இதையும் எழுதி வைத்துக்கொண்டேன், மனசில்.

காம்பைப் பற்றிக் கேட்டேனே, ஒரு வார்த்தை இல்லை. தப்பென்றால் சொல்லியிருப்பாய் என்று அப்படியே செய்துவந்தேன். ஆனால் ஒரு வாரமாகப் பொத்தான் சரியில்லை. புழுக்கை மணி மணியாகப் போடும். இப்போது களிபோல் ஒட்டுகிறது. கூண்டின் மூலையில் முதுகைக் குவித்து உட்கார்ந்திருக்கிறது. வெறும் பல்லைக் கடிக்கிற சத்தம் மட்டும் கேட்கிறது. இலைகூட முரடாகிவிட்டதோ என்று இன்னும் பொடியாக ஆய்ந்து போடுகிறேன். பாதிதான் தின்கிறது. விரலில் வைத்து நீட்டினால் என்னையே பார்க்கிறது. உன்னை வளர்த்தேன், பேசுவாய், திட்டுவாய். இது வாய் திறந்து எங்கே வலிக்கிறதென்று சொல்லாது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. என்ன செய்ய? சீக்கிரம் எழுது.

அம்மா


ஜூலை 3

அம்மா,

இந்தக் கடிதத்தை வாலுதான் சத்தமாக வாசித்தாள். பாதியில் நிறுத்தி, "அம்மா! பாட்டி காம்பைக் கிள்ளிடறாங்களாம்!" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். உன் முதல் கடிதத்தைத் தேடி எடுத்தேன். வாசல் பேச்சு வந்ததும் மடித்துப் பெட்டியில் போட்டது. அதன் அடியில் நீ கேட்டிருந்ததை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

கிள்ளாதே அம்மா. அந்தக் காம்புதான் அதன் வயிற்றை வேலை செய்ய வைப்பது, வளர்கிற பல்லைத் தேய்ப்பது. உடனே மிருக டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போ. ஒரு வேளைகூடத் தின்னாமல் விடக்கூடாது.

மதியத்திலிருந்து ஐந்து முறை போன் அடித்தேன். நீ எடுக்கவில்லை. உன் கோபத்தை அப்புறம் வைத்துக்கொள். எடு, அம்மா.

உன் மகள்


ஜூலை 8

அன்பு மகளுக்கு,

நீ மடித்து வைப்பதற்குள் முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். பொத்தான் மூன்றாம் தேதி மதியம் போய்விட்டது.

அன்று காலை ஒரு இலையையும் தொடவில்லை. பழக்கூடையில் துணி விரித்து மிருக டாக்டரிடம் கொண்டுபோனேன். ஊசி போட்டார். தின்ன என்ன போடறீங்க என்று கேட்டார். பெருமையாகத்தான் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "முரடுதான் பாட்டி அதுக்கு மருந்து. அதையே எடுத்துட்டீங்களே" என்றார். அவரும் நீயும் ஒரே பேச்சு.

கிள்ளிய காம்பை நான் எறியவில்லை. கதவு மூலையில் பை நிறைய இருந்தது. ஓடி வந்து அத்தனையையும் முன்னால் கொட்டினேன். மோந்து பார்த்தது. வாய் திறக்கவில்லை.

போன் அடித்தது கேட்டது. ஐந்து முறை. எண்ணினேன். அது என் மடியில் இருந்தது. இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். எடுக்காமல் இருந்தது கோபத்தால் அல்ல. இதை மட்டும் நம்பு.

ஓடிப்போய்விட்டது, யாரோ கேட்டார்கள் கொடுத்தேன் என்றெல்லாம் வாலுவிடம் சொல்லாதே. பாட்டிதான் என்று சொல். அவள் மறக்க மாட்டாள். என் ஞாபகசக்தி அவளுக்கு.

வாசல் பேச்சை இனி எழுத மாட்டேன். மறந்துவிட்டதாக அர்த்தமில்லை.

நேற்றும் முந்தாநாளும் போன் அடித்தது. எடுத்தால் வாலுவின் குரல் வந்துவிடுமோ என்று கை போகவில்லை. வேலைக்குப் போகிற வழியில், நீ தனியாக இருக்கும்போது காலை ஏழு மணிக்கு அடி. எடுக்கிறேன். என்ன வேண்டுமானாலும் சொல். பாதியில் வைக்க மாட்டேன்.

அம்மா