பேசும் கணினியும் இரண்டு பொத்தானும்

நவம்பர் 4
எழுத்துத் தெரியாது எனக்கு. டேப்பில் சிவப்புப் பொத்தானை அமுக்கிப் பேசுகிறேன், அது போதும். பக்கவாதம் வந்ததிலிருந்து என் மனைவி நெவெனாவுக்குப் பேச்சு வரவில்லை. மகன் பிளாமென் வியன்னாவிலிருந்து எங்கள் பல்கேரிய மலைக் கிராமத்துக்கு ஒரு கணினி அனுப்பியிருக்கிறான். அவள் தலையசைப்பைப் பார்த்து அவளுக்குப் பதிலாக அது பேசுமாம். பாட்டு, படம், வானிலை, அதில் இல்லாதது இல்லை. "தண்ணி வேணுமா?" என்று நான் கேட்பதற்குள் "மென்பொருளைப் புதுப்பிக்கட்டுமா?" என்று அது கேட்கிறது. பிளாமென் அழைக்கும்போது மட்டும்தான் திறக்கிறேன்.

நவம்பர் 9
பிளாமென் அழைத்ததும் கணினியை நெவெனா முன்னால் திறந்துவைத்துவிட்டு ஆடு கறக்கப் போனேன். திரும்பி உள்ளே வந்தால் திரையில் பிளாமென். "அப்பா, அம்மாவே சொல்லிட்டாங்க! இங்க முதியோர் இல்லத்துக்கு வர்றாங்களாம். நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."
நாற்பத்தாறு வருஷம். என்னிடம் ஒரு ஜாடை காட்டாமலா?

நவம்பர் 10
கணினியைத் திறந்துவைத்துக் கேட்டே விட்டேன். "போகணுமா உனக்கு?" அவள் தலை மேலும் கீழும் அசைந்தது. கணினி "ஆமாம்" என்றது.
அடக் கடவுளே! பல்கேரியாவில் மேலும் கீழும் அசைத்தால் இல்லை என்று அர்த்தம். பக்கவாட்டில் ஆட்டினால்தான் ஆமாம். கைக்குழந்தைக்கும் தெரியும். உலகமே தெரிந்த பெட்டிக்கு இது தெரியாதா? பெற்ற பிள்ளையுமா மறந்துபோவான்?
போனில் கத்தினேன். "பக்கவாதம் வந்தவங்க தலை தன்னால ஆடும்ப்பா. நீங்க உங்களுக்கு வேணுங்கறதப் பாக்குறீங்க" என்றான்.

நவம்பர் 12
நர்ஸ் யோர்தாங்கா சின்னப் பெட்டி ஒன்று கொண்டுவந்தாள். இரண்டே பொத்தான். பச்சையை அமுக்கினால் "ஆமாம்", மஞ்சளை அமுக்கினால் "இல்ல". அவ்வளவுதான்.
"இதுக்கு மூளையே கிடையாது தாத்தா. அதனால தப்பா யோசிக்காது" என்று சிரித்தாள்.

நவம்பர் 14
பிளாமென் வந்துவிட்டான். "என்கூட வர்றியாம்மா?" மஞ்சள். அவன் முகம் செத்துப்போயிற்று. நான் துள்ளினேன். "இங்கயே இருக்கியான்னு கேளுடா!"
கேட்டான்.
மஞ்சள்.
நானே கேட்டேன். மறுபடி மஞ்சள். தலையும் மேலும் கீழும்.
எங்கே போகணும் என்று யோர்தாங்கா ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கேட்டுக்கொண்டே போனாள். அடுத்த பள்ளத்தாக்கில் இருக்கும் அவள் தங்கை ரூஸ்கா வீடு என்றதும் பச்சை. பச்சை, பச்சை, பச்சை. விரலை எடுக்கவே இல்லை.
தங்கச்சி வீடா? இது யார் மனசிலும் தோன்றவே இல்லையே!

நவம்பர் 15
அவளிடம் இன்னும் ஒன்று கேட்க வேண்டும். பயமாயிருக்கிறது.

நவம்பர் 21
ரூஸ்கா வீட்டுச் சமையலறை. "நானும் வரட்டுமா?" என்று அன்றைக்குக் கேட்டே விட்டேன், பச்சை. வெளியே பனி கொட்டுகிறது.
"அக்காவைத்தான வரச் சொன்னேன், ஆட்டையும் அத்தானையும் யாரு கேட்டா?" என்று அடுப்படியிலிருந்து ரூஸ்கா. "அக்கா, இவரு விடுற குறட்டைக்குக் கூரை பறக்குது. கொட்டகையிலயே படுக்கச் சொல்லிடவா?"
நெவெனா தோள் குலுங்கச் சிரித்தாள். பிறகு இரண்டு பொத்தானையும் ஒன்றாக அமுக்கினாள்.